திமில் மீனும் நீலத் துடுப்பும்

மைசூரைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இன்று தூண்டிலுக்கு அகப்படும் மீன்களில் பல, மனிதர் கொண்டுவந்து விட்டவை. கிருஷ்ணராஜ சாகரிலும் கபினி அணையிலும் ஊர் ஏரிகளிலும் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வட இந்தியாவின் பேராறுகளைச் சேர்ந்தவை. திலேப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இவை உணவுக்காக விடப்பட்டவை. எடை போட்டு விற்பதோடு அவற்றின் கணக்கு முடிந்துவிடும். ஆனால் தூண்டில் விளையாட்டையும் மீன் பாதுகாப்பையும் ஒருசேர மனத்தில் வைத்துக் குஞ்சு விடப்பட்ட நீர்ப்பரப்பும் இந்த வட்டாரத்தில் உண்டு. சிவனசமுத்திரம் அருவிகளுக்குக் கீழே, மேகதாது வரை காட்டுக்குள் ஓடும் காவிரிதான் அது. அங்கே விடப்பட்ட மீன் மகசீர். விட்ட பிறகு தூண்டிலில் விழும் மீன்களின் எண்ணிக்கை ஏறியது. அந்த ஆற்றுக்கே உரிய மீன் ஏறத்தாழ இல்லாமல் போனது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்பதைக் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

தூண்டிலுக்காகக் குஞ்சு விடும் வழக்கம் தென்னிந்தியாவில் முதலில் வேரூன்றியது நீலகிரியில், டிரவுட் மீனை வைத்து. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீரைத் தேடும் மீன் அது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளர்ந்துவிடும். அதனால் சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூரில் அதற்கு இடமில்லை. மேலே, உதகைக்கு அப்பால் உள்ள ஓடைகளும் அணைகளுமே அதற்கு ஏற்றவை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், அது நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. அங்கே டிரவுட் வாழ்ந்த இடங்களில் அதற்கு முன் வேறு எந்த டிரவுட்டும் கிடையாது. பொரிப்பகம் நன்றாக நடந்த ஆண்டுகளில் பிடிபாடும் நன்றாக இருக்கும், பொரிப்பகம் தளர்ந்தால் அதுவும் தளரும். விட்ட மீனுக்கும் சொந்த மீனுக்கும் இடையே குழப்பம் வர அங்கே வழியில்லை. காவிரியில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. ஏற்கெனவே மகசீர் வாழ்ந்த ஆற்றில் இன்னொரு மகசீரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

மகசீர் கெண்டைக் குடும்பத்து மீன். தமிழில் பூமீன் கெண்டை என்ற பெயரும் இதற்கு உண்டு. உள்ளங்கை அகலச் செதில்கள், தடித்த உதடுகள், உதட்டோரம் இரண்டு இணை மீசைகள், பாறைகளுக்கிடையே பாயும் நீரை எதிர்த்து நிற்கும் உடற்கட்டு இவையே அடையாளம். தாடையில் பல் இல்லை. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நண்டு, நத்தை, சிறு மீன், ஆற்றில் விழும் பழங்கள், விதைகள் எதுவானாலும் அங்கே நொறுங்கும். நண்டின் ஓட்டைப் பொடியாக்கும் அந்த விசை, தூண்டில் முள்ளையும் நசுக்கி உருக்குலைத்துவிடக் கூடியது. இரை சிக்கியதும் இந்த மீன் எடுக்கும் முதல் ஓட்டத்துக்காகவே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் காவிரிக்கு வந்தார்கள்.

அதன் இனப்பெருக்கம் நிதானமானது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மேல்நோக்கி நீந்திச் சென்று, கூழாங்கற்கள் பரவிய ஆழமற்ற இடங்களில் சினையிடும். கட்லாவோ ரோகுவோ இடுவதைப்போல லட்சக்கணக்கில் இடுவதில்லை. சினை பெரிது, கனமானது, எண்ணிக்கையில் குறைவு. பொரிந்து வரும் குஞ்சு உடனே நீந்தாது. கற்களின் இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு, வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவை உண்டபடி சில நாள் கிடக்கும். அந்த நாட்களில் ஆற்றின் நீர்மட்டம் திடீரென இறங்கினாலும், மணலும் சேறும் கற்களை மூடினாலும், அந்த ஆண்டின் தலைமுறையே அழிந்துபோகலாம்.

காவிரியின் மகசீருக்கு இன்னொரு தனித்தன்மை இருந்தது. வளர்ந்த மீனின் தலைக்குப் பின்னே முதுகு எழும்பி, முதுகுத் துடுப்பின் அடிவரை ஒரு திமில்போல நிற்கும். உடல் பொன்னிறம், துடுப்புகள் செம்மஞ்சள். தூண்டில்காரர்கள் அதைத் திமில் மகசீர் என்றே அறிந்திருந்தார்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் இந்த மீன் உலகின் மிகப் பெரிய கெண்டை வகைகளில் ஒன்று.

தென்னிந்தியாவில் தூண்டில் விளையாட்டு ஐரோப்பியரோடு வந்தது என்று நினைப்பது சரியல்ல. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசத்தில் மன்னரின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக மீன்பிடிப்பு விரிவாகவே சொல்லப்படுகிறது; எந்த மீனுக்கு எந்த இரை என்ற குறிப்புகூட அதில் உண்டு. எடையை அளந்து பதிவு செய்யும் பழக்கம்தான் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மதராஸ் மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் பற்றிய நூல் மகசீரை இங்கிலாந்தின் சால்மனுக்கு மேலாக வைத்துப் பேசியது. அதன் பிறகு மைசூர் வட்டாரம் தூண்டில்காரர்களின் வரைபடத்தில் இடம்பிடித்தது.

தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் மிகப் பெரியதாக இன்றும் சொல்லப்படுவது மைசூர்க்காரர் ஒருவர் பிடித்தது. விலங்குகளைப் பதப்படுத்தி உருவமைக்கும் வான் இங்கென் நிறுவனம் மைசூரில் புகழ்பெற்றிருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கென் 1946 மார்ச் 22 அன்று கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைக் கரையேற்றினார். கபினியின் குறுக்கே பீச்சனஹள்ளியில் அணை எழுந்தது 1974இல்தான். அந்த மீன் வளர்ந்த ஆற்றில் மழை வெள்ளம் தடையின்றி வந்துபோனது.

அணைகள் மகசீரின் உலகத்தைத் துண்டு துண்டாக்கின. சிவனசமுத்திரத்தில் 1902இல் மின் நிலையம் வந்தது. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அங்கிருந்து போனது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் 1931இலும், கீழே தமிழ்நாட்டில் மேட்டூர் அணை 1934இலும் முடிந்தன. பின்னர் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி ஆகிய அணைகள் சேர்ந்தன. மேலே போக முடியாத மீன் சினையிட இடம் தேடித் தவித்தது. அணைக்குக் கீழே ஆற்றின் ஏற்ற இறக்கம் மழையைக் கேட்டு நடக்காமல் மதகைக் கேட்டு நடந்தது. இதற்குமேல் வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமையும் இருந்தது. கல் உடைக்கவும் கிணறு வெட்டவும் வாங்கும் தோட்டா ஒன்றை மடுவில் எறிந்தால் பெரிய மீன், சிறு மீன், குஞ்சு என அத்தனையும் செத்து மிதக்கும். கோடையில் ஆறு வற்றும்போது பெரிய மகசீர்கள் அடைக்கலம் புகும் இடமே அந்த ஆழ மடுக்கள்தான். பல ஆண்டு வளர்ச்சியை ஒரு வெடி முடித்துவிடும்.

இந்திய விடுதலைக்குப் பின் சில பத்தாண்டுகள் காவிரி மகசீர் வெளியுலகின் பேச்சிலிருந்து மறைந்தே இருந்தது. 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு இங்கே பெரும் மகசீர்களைப் பிடித்துக் காட்டிய பிறகு, பழைய புகழ் மீண்டும் பரவியது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்காளி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. விதி ஒன்றுதான்: பிடித்த மீனை எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, உயிரோடு ஆற்றில் விட வேண்டும். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டைதான் இங்கே பேர்போன இரை. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களில் பலர் முகாம்களில் வழிகாட்டிகளாகவும் பரிசல் ஓட்டிகளாகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். எந்தப் பாறைக்குப் பின்னே எந்தப் பருவத்தில் மீன் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்; அந்த அறிவுக்கு முதல்முறையாகச் சம்பளம் கிடைத்தது. காவலும் வருமானமும் சேர்ந்த இந்த ஏற்பாடு நாட்டின் நன்னீர்ப் பாதுகாப்பு முயற்சிகளில் உண்மையிலேயே மதிப்புக்குரியது. தவறு இதில் இல்லை.

தவறு இதே காலத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து நல்ல எண்ணத்தோடு வந்தது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் நீர்த்தேக்கங்களில் மகசீர் குறைந்துவருவதைக் கண்டு, மீனியல் அறிஞர் சி. வி. குல்கர்ணி 1970களின் தொடக்கத்தில் அதைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ய வழி கண்டார். முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்திச் சினையை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைக்கும் முறை அது. பின்னர் எஸ். என். ஒகலே அதைப் பேரளவில் வளர்த்தெடுத்தார். கருவுற்ற சினையை ஈரப் பஞ்சில் பொதிந்து தண்ணீரே இல்லாமல் நெடுந்தொலைவு அனுப்பலாம் என்பதையும் லோனாவாலா காட்டியது. அழியும் நிலையில் உள்ள மீனைக் காப்பாற்றப் பொரிப்பகம் கிடைத்துவிட்டது என்று நாடே மகிழ்ந்தது. பல மாநிலங்களுக்குக் குஞ்சுகள் போயின. கர்நாடகத்துக்கும் வந்தன, காவிரியிலும் விடப்பட்டன. குடகில் ஹாரங்கியிலும் மகசீர்ப் பொரிப்பகம் உருவானது.

லோனாவாலாவில் பொரித்தது நீலத் துடுப்பு மகசீர். புணே அருகே முளா-முட்டா ஆற்றில் கிடைத்த மீனை வைத்துக் கர்னல் சைக்ஸ் 1839இல் விவரித்த, இன்று டோர் குத்ரீ எனப்படும் இனம் அது. கிருஷ்ணா படுகையின் மேற்பகுதியே அதன் தாயகம். காவிரியின் திமில் மகசீரோ அப்போது அறிவியல் பெயரே இல்லாத மீன். அதைச் சிலர் டோர் முசல்லா என்றனர், சிலர் டோர் குத்ரீயின் ஆற்று வடிவம் என்றனர். பெயர் தெளிவாகாத இடத்தில் எல்லாம் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது எளிது. மகசீர் குறைந்த ஆற்றில் மகசீரை விடுகிறோம் என்றே விட்டவர்கள் நம்பினார்கள்.

இதன் விளைவை அளக்க உதவியது தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடுகள். ஆற்று மீனை எண்ணுவது எளிதல்ல. வலை வீசியோ மின்சாரம் பாய்ச்சியோ பாறை நிறைந்த காட்டாற்றில் கணக்கெடுக்க முடியாது. ஆனால் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன பிடித்தார், எடை எவ்வளவு என்று எழுதப்பட்டிருந்தது. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் அவற்றைத் தொகுத்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மகசீர்கள். மிகச் சிறியது அரைக் கிலோவுக்கும் குறைவு, மிகப் பெரியது 46.8 கிலோ. சராசரியாகப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன்.

இத்தகைய தரவில் அடிப்படை அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை மீன் என்ற விகிதம். வந்தவர்கள் கூடினாலும் குறைந்தாலும் அது பாதிக்கப்படாது என்பதால், ஆற்றில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு ஓரளவு நம்பகமான சான்று. அந்த விகிதம் காலிபோரில் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. அதே வேளையில் சராசரி எடை இறங்கியது. 2015இல் வெளியான முதல் ஆய்வு இதை நல்ல செய்தியாகவே வாசித்தது: காவலும் பிடித்து விடும் விதியும் பலன் தந்து, இளம் மீன்கள் திரளாக வருகின்றன. எண்களை மட்டும் வைத்தால் வேறு முடிவுக்கு வர இடமில்லை.

அதே பதிவுகளில் மீனின் தோற்றத்தையும் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. ஏறியது முழுவதும் நீலத் துடுப்பு. திமில் மகசீர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. பிடிபட்ட திமில் மகசீர்கள் பெரியவையாக, மேலும் பெரியவையாக இருந்தன, சிறியவை காணப்படவில்லை. தூண்டில்காரருக்கு ஐம்பது கிலோ மீன் வாழ்நாள் மகிழ்ச்சி. மீனியலாளருக்கோ பெரியவை மட்டுமே மிஞ்சியிருப்பது மிக மோசமான அறிகுறி. முதியவை வாழ்கின்றன, அடுத்த தலைமுறை பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் தப்பவில்லை என்பதே அதன் பொருள். அதே 2015இல் வெளிவந்த மறு ஆய்வு, திமில் மகசீர் அழிவை நோக்கிப் போகிறது என்று எச்சரித்தது. இரண்டு இனங்களை ஒரே பத்தியில் கூட்டி எழுதிய கணக்கு, ஒன்றின் வீழ்ச்சியை மற்றொன்றின் எழுச்சிக்குள் மறைத்துவிட்டிருந்தது.

ஒரு தூண்டில் நீரின் தரத்தை எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில் உள்ள அபாயம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. முகாமுக்கு வந்துபோனவருக்கு அனுபவம் மேம்பட்டது. முன்பைவிட அடிக்கடி மீன் கடித்தது. ஆற்றின் நோக்கில் அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. நீலத் துடுப்பை வளர்க்கப் பொரிப்பகம் இருக்கிறது. திமில் மகசீருக்குக் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறு வீடில்லை.

நீலத் துடுப்பு ஏன் வென்றது என்பதற்கு ஒரே விடை கிடையாது. அது பலவகை நீருக்கும் ஒத்துப்போகும் மீன். தேங்கிய நீர்த்தேக்கத்திலும் ஓடும் ஆற்றிலும் வாழும். இயற்கையில் குஞ்சுகள் தப்பிப்பிழைக்கப் போராடும் அந்த ஆபத்தான நாட்களைத் தொட்டியில் கழித்துவிட்டு, விரலளவு வளர்ந்தபின் ஆற்றில் இறங்கும் வாய்ப்பு வேறு அதற்கு இருந்தது. இறங்கியவை பிறகு ஆற்றிலேயே பெருகின. உணவுக்கும் இடத்துக்கும் போட்டி, கலப்பினம் உருவாகும் சாத்தியம், சிறு குஞ்சுகளைப் பெரியவை தின்பது ஆகிய எல்லாமே எண்ணிப் பார்க்க வேண்டியவை. அணைகள், மணல் அள்ளுதல், வெடி, கோடையில் வற்றும் நீரோட்டம் ஆகியவற்றின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது; திமில் மகசீரை அவை முன்பே பலவீனப்படுத்தியிருந்தன. பலவீனமான இனத்தின் நீரில்தான் வலுவான அயலினம் விடப்பட்டது.

திமில் மகசீருக்குப் பெயர் கிடைத்தது 2018இல். கேரளத்தின் சின்னார் காட்டில், அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த இளம் மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்ற இனம் ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்தது. காவிரியின் முதன்மை ஓட்டத்தில் திமில் மகசீரைத் தேடியும் போதிய மாதிரி கிடைக்காத நிலையில், ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் மோயாற்றில் அதைக் கண்டார்கள். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது மோயாற்றுத் திமில் மீனும் பாம்பாற்றின் இளம் மீனும் ஒரே இனம் என்று உறுதியானது. அமராவதி, மோயாறு, காவிரி எல்லாம் ஒரே படுகை என்பதால் இதில் வியப்பில்லை. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அழியும் இனம் என்று முன்பு கருதப்பட்ட டோர் குத்ரீ, மறுமதிப்பீட்டில் கவலை குறைந்த இனங்களின் வரிசைக்கு நகர்ந்தது. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகத் தூண்டில் நூல்களில் பேசப்பட்ட மீன், பட்டியலில் பெயர் ஏறும்போதே அழிவின் விளிம்பில் இருந்தது.

காவிரியின் இந்தப் பகுதி 1987இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி எழுந்து, முகாம்களில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. காலிபோர்ப் பதிவேடு 2012உடன் முடிவது அதனால்தான். காட்டு விலங்குகளுக்கு உரிய பாதுகாப்பு மீனுக்கும் வேண்டும் என்பது நியாயமான நோக்கம். ஆனால் தூண்டிலோடு சேர்ந்து, நாள் முழுவதும் ஆற்றங்கரையில் இருந்த கண்களும் போயின, பதிவேடும் நின்றது. அந்த நீரில் என்ன மீன், எத்தனை, எந்த அளவு என்பதைத் தொடர்ந்து சொல்லிவந்த ஏற்பாடு அத்தோடு போனது.

மைசூருக்கு வடமேற்கே, கிருஷ்ணராஜ சாகருக்கு மேல் காவிரிக்கரையில் ராமநாதபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ராமேசுவரர் கோயிலை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் யாரும் மீன் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி போட, மகசீர்கள் படித்துறை வரை வந்து உண்கின்றன. சிருங்கேரியில் துங்கை ஆற்றிலும் இதே வழக்கம் உண்டு. கோயில் மடுக்கள் மீனைக் கொல்லாமல் காத்தன என்பது பெரிய உதவி. எந்த இனம் காக்கப்படுகிறது என்பதை அவற்றால் தீர்மானிக்க இயலாது. அதற்கு மரபணுச் சோதனை தேவை. செதில் ஒன்றோ துடுப்பின் நுனியோ கிடைத்தால் போதும். மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

திமில் மகசீரைச் சிறைப்படுத்தி இனப்பெருக்கம் செய்வது இன்று பேசப்படும் வழி. லோனாவாலாவின் நுட்பம் இதற்கு உதவும் என்பது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் அதற்குத் தேவையான தாய் மீன்களை மோயாறு போன்ற மிஞ்சிய சில இடங்களிலிருந்தே எடுத்தாக வேண்டும். தவறாக எடுத்தால் மிஞ்சியதும் போகும். குறைந்த எண்ணிக்கைத் தாய்களிலிருந்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்தால் மரபுவளம் சுருங்கும். அதற்கு முன் செய்ய வேண்டிய எளிய வேலை, காவிரிப் படுகையில் அயல் மகசீர்க் குஞ்சு விடுவதை நிறுத்துவது. இதற்குச் செலவே கிடையாது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது வந்தால் காலிபோரை உள்ளடக்கிய ஓடும் ஆற்றின் பெரும்பகுதி தேங்கிய நீராகும். தேங்கிய நீரில் நீலத் துடுப்பு வாழும்; கூழாங்கல் படுகையும் மழை வெள்ளமும் இல்லாமல் திமில் மகசீர் சினையிட முடியாது.